கானாடுகாத்தான் மாடியிலிருந்து நட்சத்திரம் பிறக்கும் இடத்தைப் பார்ப்பது எப்படி

தை மாதம், அமாவாசையை ஒட்டிய நாள், இரவு எட்டு மணிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் விடாது. காரைக்குடி வெளிச்சம் எங்களுக்குத் தெற்கே அடிவானத்தோடு நின்றுவிடும். நாம் பார்க்கப்போவது உச்சி வானத்தை. முற்றத்து விளக்கு, முகப்பு விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். போனைத் தொடாதீர்கள்.

முதலில் செக்கச் சிவந்த திருவாதிரையைப் பிடியுங்கள். அதற்குத் தெற்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால், சாதாரண பைனாகுலரிலேயே சாம்பல் நிறப் புகைத் திட்டு ஒன்று தெரியும். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் அது, சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். பிள்ளைகள் இதைப் பார்த்ததும் கீழே இறங்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அங்கே ஏற்கெனவே பிறந்த நட்சத்திரங்கள் வாயுவை ஒளிர வைக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இன்னும் ஒளியே வராத இடம்.

அதற்கு ரோகிணிக்குப் போங்கள், திருவாதிரைக்கு வடமேற்கே பளிச்சென்று தெரியும் செம்மஞ்சள் நட்சத்திரம். கையை நீட்டி, அங்கிருந்து வடக்கே ஒரு முஷ்டி அளவு, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் சற்றே சாய்ந்து பாருங்கள். நட்சத்திரம் குறைவாகத் தெரியும் பகுதி. சுமார் 450 ஒளியாண்டுக்கு அப்பால் வாயுவும் தூசியும் இழை இழையாக நீண்டு, பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டிருக்கின்றன.

2009இல் ஏவிய ஹெர்ஷல் தொலைநோக்கி இந்த இழைகளை அகச்சிவப்பில் படம் பிடித்தது. குறுக்களவு ஏறக்குறைய ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்கு. நீளமோ பல ஒளியாண்டு. உள்ளே மைனஸ் 263 டிகிரி குளிர். அவ்வளவு குளிரில் வாயுவுக்கு அழுத்தம் குறைவு, ஈர்ப்பை எதிர்த்து நிற்க முடியாது. ஓர் ஒளியாண்டு நீளத்தில் சுமார் 5 சூரியன் நிறைக்கு மேல் சேர்ந்துவிட்டால், மார்கழிக் காலையில் சிலந்தி நூலில் பனி முத்து முத்தாகத் திரளுமே, அப்படி இழை அங்கங்கே திரண்டு உள்ளே சரிகிறது. அந்தத் திரட்சியின் நடுவில்தான் நட்சத்திரம் பிறக்கிறது. சுழலும் வாயு அதைச் சுற்றித் தட்டாகப் பரவுகிறது.

சரி, மறுபடி ரோகிணி. அதற்கு வடமேற்கே ஒரு கட்டைவிரல் அகலத்தில் எச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரம் இருக்கிறது. பைனாகுலருக்கு எட்டாது, ஆனால் அந்த இடத்தைக் காட்டிக் கொடுங்கள். அதற்குச் சுமார் பத்து லட்சம் வயதுதான்; பக்கத்துக் கார்த்திகைக் கூட்டத்துக்கோ பத்துக் கோடி. 2014இல் சிலி நாட்டு ஆல்மா தொலைநோக்கி எடுத்த படத்தில் அதன் தட்டு வளையம் வளையமாகத் தெரிந்தது.

இந்தப் படங்களை முன்னாலேயே அச்செடுத்து வையுங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் கண் கூசாது. வடக்கு எது என்று பார்த்து, படத்தை வானத்தோடு பொருத்தும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.