பன்றிக் காது வாங்கும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் கிளிநொச்சியில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு தம்பி றெஜிபோம் பெட்டியோடு வந்தான். டைக்ளோஃபெனாக் என்ற நோவு மருந்து ஜெல் தோலுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பிரான்ஸ் செல்லில் (மேலே மருந்து, நடுவில் தோல், அடியில் திரவம் என்று வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில்) பார்க்க வேண்டுமாம். பெட்டிக்குள் பன்றிக் காதுகள், வெள்ளை வெளேரென்று, ஒரு மயிர்கூட இல்லாமல். "நல்ல துப்பரவான காது அண்ணா" என்றான். எனக்கு விசர் வந்தது. ஒருகாலத்தில் நானும் இதைத்தான் வாங்கினேன்.

கையுறை போடு, பெயர் எழுதி ஒட்டு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விடுங்கள்.

சுடுதண்ணி பட்ட காது

பன்றிக் காதின் பின்புறத் தோல் மனிதத் தோலுக்குக் கிட்டவாக நடந்துகொள்ளும். மருந்தைப் பெரும்பாலும் மறிப்பது அதன் உச்சியில் 10 முதல் 20 மைக்ரோமீற்றர் தடிப்பில் இருக்கும் இறந்த கலப் படை. பன்றி வெட்டுபவரோ சுடுதண்ணி ஊற்றி, கத்தியால் வழித்து மயிரை எடுப்பார். ஆய்வுகூடத்தில் மேற்தோலைக் கழற்றவென்றே தோலை 60 பாகை செல்சியஸ் நீரில் ஒரு நிமிடமளவு போடுவோம். அவர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். இளகிய மேற்தோல் மயிரோடு சேர்ந்து கத்தியில் வந்துவிடும்.

இது தெரியாமல் இரண்டு மாதம் ஓட்டினேன். மருந்து மளமளவென்று இறங்கியது. என் ஜெல் அவ்வளவு திறம் என்று நினைத்தேன். மேற்பார்வையாளர் வரைபைப் பார்த்துவிட்டு, "தம்பி, காது வெட்டினது சுடுதண்ணி ஊத்த முதலோ, பிறகோ?" என்று கேட்டார். 24 காதும், மருந்தின் அளவைக் காணும் எச்பிஎல்சி கருவிக்கு ஊற்றிய கரைப்பான் காசும் அதோடு சரி. 'இறைச்சிக்கடையில் பெறப்பட்டது' என்று ஒரு வரியோடு நழுவும் கட்டுரைகள்மேல் எனக்கு இன்னும் கோபம்.

முதல்நாளே போய்ச் சொல்லிவையுங்கள்: சுடுதண்ணிக்கு முதல் காதை அறுத்துவிட வேண்டும். சேறும் மயிருமாகத்தான் வரும், வரட்டும். பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சவர்க்காரம் வேண்டாம். மயிரைக் கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டுங்கள், சவரம் செய்யாதீர்கள். அப்புறம், மருந்து வைக்க முன், அந்த மேற்படை கெடாமல் இருக்கிறதா என்று அறிய ஒவ்வொரு துண்டினதும் மின்தடையை அளந்து பாருங்கள். நான் அளந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

தம்பியின் காதுகளை அவன் வீட்டில் கறி வைத்தார்களாம்.

காட்டுப்பன்றி

முல்லைத்தீவுப் பக்கம் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். நெருப்பில் வாட்டித்தான் கொண்டுவருவார்கள்.

32 பாகை

ஓஈசிடி (OECD) என்ற சர்வதேச அமைப்பு இந்தத் தோல் சோதனைக்கென்று தந்த 428ஆம் வழிகாட்டி, தோலின் மேற்பரப்பு 32 பாகையில் நிற்க வேண்டும் என்கிறது. ஒரு பாகை கூடலாம், குறையலாம். நீர்த்தொட்டியின் திரையில் தெரிவது தொட்டியின் வெப்பநிலை. தோலை அளந்து பாருங்கள். இடையில் கரண்ட் போய் அரை மணித்தியாலம் கழித்து வந்தால், அந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

குமிழி

தோலுக்கு அடியில் குமிழி நின்றால் அந்த இடத்தால் மருந்து திரவத்துக்குள் இறங்காது. திரவத்திலுள்ள வாயுவை முதலே நீக்குங்கள். செல்லைச் சரித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

அளப்பதற்கு இடையிடையே மாதிரியாக எடுத்த திரவத்திலுள்ள மருந்தை, இறங்கிய மொத்தத்தில் கூட்ட மறப்பது

கூட்டுங்கள்.