எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும் தோல் லிம்போமா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்களின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால், நாங்கள் பயிற்சியில் இருந்தபோது செய்த அதே தவறுகள் அச்சு அசலாகத் திரும்பி வருகின்றன. படையென்றால் பூஞ்சையா என்று சுரண்டிப் பார்க்க வேண்டும், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ வருடக்கணக்கில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், இவர்களுக்குத் தோலில் வரும் லிம்போமா, அதாவது லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் புற்று, பற்றி மட்டும் பேசுகிறேன்.

மற்றவர்களுக்குத் தோலில் வரும் லிம்போமாவில் பெரும்பகுதி டி-செல் வகை (டி-செல், பி-செல் இரண்டும் எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளணுக்கள்). மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற டி-செல் லிம்போமா போல வருடக்கணக்கில் மெதுவாக ஊர்ந்து பரவும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் கதை வேறு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரும்பாலான பெரியவர்களின் பி-செல்களுக்குள் ஆயுள் முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கும், டி-செல்கள் அதைக் காவல் காக்கும். காவல்காரனை மருந்து தூங்கவைத்துவிட்டால் அந்த பி-செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும். அதனால்தான் இவர்களிடம் நோய் சில வாரங்களிலேயே புண்ணாகவோ கட்டியாகவோ வந்து நிற்கலாம்.

முதலில் களிம்பு, அப்புறம் பயாப்சி

எக்ஸிமா மாதிரி இருக்கிறதே என்று வீரியமான ஸ்டீராய்டு களிம்பை எழுதிவிட்டு, கேட்கவில்லை என்றதும் பயாப்சிக்கு, அதாவது தோல் துண்டை வெட்டிச் சோதிப்பதற்குப் போகிறார்கள். களிம்பு லிம்போமா செல்களையும் கொஞ்சம் கரைத்திருக்கும், ரிப்போர்ட் ‘குறிப்பிட்டுச் சொல்ல முடியாத தோல் அழற்சி’ என்று வரும். களிம்பை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திவிட்டு எடுங்கள். கருப்பு, மாநிறத் தோலில் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் வெறும் வெளுத்த தேமலாகவும் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருந்தின் பெயர் இல்லாத பயாப்சி படிவம்

எனக்கு இன்னமும் கோபம் வருவது இதில்தான்.

மூட்டுவாதத்துக்குச் சிகிச்சையில் இருந்த ஒரு அம்மா. கெண்டைக்காலில் ஒரே ஒரு புண், ஓரம் வெட்டி எடுத்ததுபோல் தெளிவாக, நடுவில் மஞ்சள் சவ்வு படிந்து இருந்தது. பயாப்சி எடுத்த பயிற்சி டாக்டர் “தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். ரத்த அழுத்த மாத்திரை என்று அவர் சொன்னார். படிவத்தில் ‘ஆறாத புண், புற்றா?’ என்பதோடு சரி. துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் கண்ணில் பட்டது வரிசை வரிசையாகப் பெரிய பி-செல்கள். கையில் இருந்த தகவலுக்கு அவர் எழுதியது சரியான ரிப்போர்ட்தான்: பெரிய பி-செல் லிம்போமா. கீமோதெரபிக்குத் தேதியும் குறித்தாயிற்று.

அட்மிஷன் போடும் நாளில் நர்ஸ் மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டிச் சரிபார்த்தார். சின்ன மஞ்சள் மாத்திரை ஒரு அட்டை இருந்தது. “இது எதுக்கும்மா?” என்று கேட்டதற்கு, “அது ஞாயித்துக்கிழமை மட்டும் போடுறது கண்ணு, மூட்டு வலிக்கு” என்றார். மெத்தோட்ரெக்சேட், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. பல வருடமாகச் சாப்பிடுகிறார். வாரத்துக்கு ஒரு நாள் போடுவதைத் தினமும் சாப்பிடும் மாத்திரைகளில் அவர் ஏன் சேர்க்கப்போகிறார்? கேள்வியே தப்பு.

அதே பயாப்சித் துண்டில் வைரஸைக் காட்டும் ஈபர் சோதனையைச் செய்யச் சொன்னோம், பாசிட்டிவ். எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் இந்தப் புண் 2010-ல் தனி நோயாக விவரிக்கப்பட்டது, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 2016 திருத்தத்தில் இடம்பெற்றது. மைக்ராஸ்கோப்பில் ஹாட்ஜ்கின் லிம்போமா மாதிரியும் தெரியும், பெரிய பி-செல் லிம்போமா மாதிரியும் தெரியும், ஆனால் அடக்கும் மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். மூட்டுவாத டாக்டரிடம் பேசி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினோம். புண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மூடிக்கொண்டது. கீமோ தேவைப்படவே இல்லை. எல்லோருக்கும் இப்படி ஆறும் என்று சொல்லவில்லை, சிலருக்கு பி-செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாபோ கீமோவோ வேண்டியிருக்கும். ஆனால் பொறுத்துப் பார்க்கலாம் என்ற வழி இருக்கிறது என்பதே, படிவத்தில் அந்த ஒரு சொல் இருந்தால்தான் தெரியும்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: வாரம் ஒருமுறை மாத்திரை உண்டா? ஊசி போடுகிறீர்களா? டிரிப்ஸில் ஏதாவது ஏற்றுகிறார்களா? அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, இன்ஃப்ளிக்சிமாப் பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவது, ரிட்டுக்சிமாப் என்றால் ஆறு மாதம் கூட இடைவெளி இருக்கும். நோயாளி இவற்றை ‘மருந்து’ என்று நினைப்பதே இல்லை. படிவத்தில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வருடம், உறுப்பு மாற்று நடந்த வருடம், எச்.ஐ.வி. என்றால் சி.டி.4 (ஒரு வகை டி-செல்) எண்ணிக்கை, புண் ஒன்றா பலவா, எவ்வளவு நாளாக இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

மேலாக ஒரு துணுக்கு எடுப்பது

கொழுப்புப் படலம் வரை ஆழமாக எடுங்கள்.

முழுத் துண்டையும் ஃபார்மலினில் போடுவது

இவர்களிடம் காசநோய்க் குடும்பத்துக் கிருமிகளும், கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகளும் லிம்போமா போலவே கட்டியும் புண்ணுமாக வரும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் விழுந்த துண்டில் எந்தக் கிருமியும் வளராது. ஒரு பாதியைச் சலைனில் போட்டு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புங்கள்.

சி.டி.20 நெகட்டிவ், அதனால் பி-செல் இல்லை

தவறு. சி.டி.20 என்பது பி-செல்லின் மேல் வழக்கமாக இருக்கும் அடையாளப் புரதம்தான், ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பார்க்கும் பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமாவில் சி.டி.20 பெரும்பாலும் இருக்காது, பிளாஸ்மா செல்லின் அடையாளமான சி.டி.138 இருக்கும். வாய்க்குள் வருவதாக 1997-ல் விவரிக்கப்பட்ட நோய்தான், தோலிலும் வரும்.

ஒரே ரிப்போர்ட்டோடு ஃபைலை மூடுவது

இரண்டு பக்கமும் ஏமாற்றும். சில லிம்போமாக்களின் அடையாளமான சி.டி.30 பாசிட்டிவ் செல்கள் சிரங்குப் பூச்சிக் கடியிலும் தெரியும். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு சி.டி.8 என்ற வகை டி-செல்கள் தோலில் குவிந்து, லிம்போமா இல்லாமலேயே மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் வேஷம் போடும். கண்ணால் பார்ப்பதும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லையா, திரும்ப எடுங்கள், பெத்தாலஜிஸ்ட்டை போனில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

நோயாளி தானாக மாத்திரையை நிறுத்துவது

கூடவே கூடாது. மாற்றுச் சிறுநீரகமே போய்விடும். எதை, எவ்வளவு குறைப்பது என்பதை உறுப்பு மாற்றுக் குழுதான் சொல்ல வேண்டும்.

புண் ஆறியதும் கைகழுவுவது

சில மாதத்தில் மூட்டு மறுபடி வீங்கும். நோயாளி வேறு டாக்டரிடம் போவார், அவர் பழைய சீட்டைப் பார்த்து அதே மெத்தோட்ரெக்சேட்டை எழுதுவார். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் இதைப் புதைக்காதீர்கள். எந்த மருந்து, எதனால் நிறுத்தினோம் என்று முதல் வரியில் எழுதி, நோயாளிக்கும் வீட்டில் ஒருவருக்கும் வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள்.