'தேசியவாதம்' என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக அரசியல் செய்திகளை மொழிபெயர்க்க வரும் புதியவர்களின் படிகளில் ஒற்றுப்பிழை பெரிய விஷயமில்லை, மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். 'நேஷனலிசம்' பொருள் புரண்டு வந்தால் அப்படியே அச்சேறிவிடுகிறது.

நாட்டுப்பற்று என்று எழுதிவிடுவது

அதிகச் சேதம் இதில்தான். நாட்டுப்பற்று ஓர் உணர்வு. தேசியவாதம் அரசியல் கோரிக்கை: நாங்கள் ஒரு தேசம், எங்களை நாங்களே ஆள வேண்டும் என்பது. அந்தத் தேசத்துக்கு இன்று அரசு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. துருக்கி, ஈரான், இராக், சிரியாவில் பரவி வாழும் குர்து மக்களுக்குத் தனி நாடு கிடையாது. குர்து தேசியவாதம் உண்டு.

வட அயர்லாந்துச் செய்தியில் இந்தத் தவறு ஆட்களையே இடம் மாற்றிவிடும். அங்கே தேசியவாதி அயர்லாந்தோடு இணைய விரும்புபவர். பிரிட்டனோடு நீடிக்க விரும்புபவர் யூனியனிஸ்ட். 1998 புனித வெள்ளி ஒப்பந்தம் ஆட்சியைப் பகிர்ந்து கொடுத்தது இந்த இரு தரப்புக்கும்தான். முதல் தரப்பை 'நாட்டுப்பற்றாளர்கள்' என்று எழுதினால் பிரிட்டன் விசுவாசிகள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதன்பிறகு அந்தச் செய்தியில் ஒரு வரியும் புரியாது. கொஞ்சம் விசாரித்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழை என்பதால்தான் இது இவ்வளவு எரிச்சலூட்டுகிறது.

எழுதுமுன் மூன்றைக் கேளுங்கள். எந்த மக்களைத் தேசம் என்கிறார்கள்? எந்த நிலப்பரப்பை? இப்போதைய அரசிடம் என்ன கேட்கிறார்கள், தன்னாட்சியா, தனி நாடா, இருக்கும் அரசே தங்கள் அடையாளத்துக்கு மாறவேண்டும் என்றா? விடையை அடைமொழியாக முன்னால் வையுங்கள்: ஸ்காட்லாந்து தேசியவாதிகள், இந்துத் தேசியவாதிகள். தமிழ்நாட்டு மேடைகளில் 'தேசியவாதி' வேறு, 'தமிழ்த் தேசியவாதி' வேறு. அடைமொழி இல்லாமல் விடவே கூடாது.

தேசியக் கட்சி, தேசியவாதக் கட்சி

முன்னது தேர்தல் ஆணையம் தரும் அங்கீகாரம். நான்கு மாநிலங்களில் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றாலே கிடைக்கும். கொள்கையை யாரும் பார்ப்பதில்லை. தேசியவாத காங்கிரஸ் 2023 ஏப்ரலில் தேசியக் கட்சி என்ற தகுதியை இழந்தது.

தேசியமயம்

தனியாரிடம் இருப்பதை அரசு தன் உடைமையாக்குவது; 1969-இல் இந்தியாவில் 14 வங்கிகளுக்கு நடந்தது. 'நாட்டுடைமை' என்று எழுதுங்கள்.

தேசிய இனம்

பள்ளி மாற்றுச் சான்றிதழில் இதற்கு நேரே 'இந்தியன்' என்று எழுதுகிறார்கள்; அங்கே பொருள் குடியுரிமை. அரசியலில் அப்படியில்லை. 1985-இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சுவார்த்தையில் ஈழத்தமிழர் தரப்பு வைத்த நான்கு கோட்பாடுகளில் தமிழர் ஒரு தேசிய இனம் என்பது முதலாவது. குடியுரிமை தனியாக நான்காவது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் முதல் கோரிக்கையே காணாமல் போய்விடும்.