காசிமேட்டு விடியலை நிழலுருவப் படமாக்க

விடியற்காலையில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கிட்டே இருக்கும் விசைப்படகு கன்னங்கரேல் என்று தெரியும், பின்வரிசைப் படகுகள் சாம்பல், தூரத்துத் துறைமுகக் கிரேன்கள் வானத்தோடு கரைந்த மாதிரி. இடையிலுள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது இது. கணினியில் இதை நிழலுருவமாக, அதாவது உருவங்களின் வடிவம் மட்டும் ஒரே நிறத்தில் தெரியும்படி செய்ய, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற பட மென்பொருள் போதும்.

முதலில் வானம்: கீழே ஆரஞ்சு, மேலே கருநீலம். அப்புறம் கிரேன், படகு, முன்னால் கூடை சுமப்பவர் என்று மூன்றையும் தனித்தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) வெட்டி வையுங்கள். லேயரின் ஆல்ஃபா சேனலை (எந்த இடம் வெறுமை என்று குறித்து வைப்பது) பூட்டிவிட்டு நிறத்தை ஊற்றினால் உருவம் மட்டும் நிரம்பும்.

நிறத்தில்தான் சூட்சுமம். நான் முதலில் மூன்றுக்கும் கறுப்பை ஊற்றினேன். தார் டப்பா கவிழ்ந்த மாதிரி இருந்தது. கறுப்பு முன்னால் இருப்பதற்கு மட்டும். பின்னால் போகப் போக அடிவானத்து நிறத்தைக் கூடுதலாகக் கலக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒப்பாசிட்டியை, அதாவது லேயரின் ஒளிபுகாத் தன்மையைக் குறைத்தால் சுலபம்தான், ஆனால் படகுக்குள்ளே கிரேன் தெரிந்து மானத்தை வாங்கிவிடும்.

இன்னொன்று, கூடை சுமப்பவரின் கைக்கும் உடம்புக்கும் நடுவே வானம் தெரியட்டும். ஒட்டிக்கொண்டால் ஆள் மூட்டையாகிவிடுவார்.