சர்பிட்டனா, நார்பிட்டனா? ஹாம்ப்டன் கோர்ட் போகிறவர்கள் கவனிக்க

அம்பை, தென்காசி, பாளையங்கோட்டைப் பக்கமிருந்து லண்டனுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரு நாள் முழுக்கக் கூட்டிப்போக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையைவிட நல்ல இடம் கிடையாது. நுழைவுச் சீட்டை முன்னமே ஆன்லைனில் எடுங்கள். திறந்திருக்கும் நாளையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

மாட்டிக்கொள்வது ரயிலில்தான். ஹாம்ப்டன், ஹாம்ப்டன் விக், ஹாம்ப்டன் கோர்ட் என்று மூன்று ஸ்டேஷன்கள். மூன்றுக்கும் வாட்டர்லூவிலிருந்தே வண்டி. நம்மூரில் ஜங்ஷனில் இறங்கினாலும் டவுனில் இறங்கினாலும் நெல்லையப்பரைப் பார்த்துவிடலாம். இங்கே மற்ற இரண்டில் இறங்கினால் அரண்மனைக்கு அரைமணிக்கு மேல் நடை. முட்டுவலிக்காரர்களுக்கு அன்றைய நாளே போச்சு. ஹாம்ப்டன் கோர்ட் போகிற வண்டியும் மற்ற இரண்டுக்கும் போகிற வண்டியும் நியூ மால்டன் வரை ஒரே தடம், அதனால் சந்தேகமே வராது. அதன்பின் சர்பிட்டன் வந்தால் சரி. நார்பிட்டன் வந்தால் தடம் மாறிவிட்டது. பதறாமல் அடுத்து வரும் கிங்ஸ்டனில் இறங்கி 111 பஸ் பிடியுங்கள், அரண்மனை வாசலிலேயே நிற்கும். பஸ்ஸில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். சரியான வண்டிக்கு ஹாம்ப்டன் கோர்ட்தான் கடைசி ஸ்டேஷன். இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் அரண்மனை.

டிக்கெட்டுக்குப் பதிலாக வங்கிக் கார்டைத் தட்டிப் போவதானால், ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்; அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒன்றைத் தட்ட முடியாது. ரயில் ஏறும்போது போனைத் தட்டிவிட்டு இறங்கும்போது கார்டைத் தட்டினால், அதே வங்கிக் கணக்கானாலும் இரண்டு அரைகுறைப் பயணமாகி அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும்.

பத்மநாபபுரம் மாதிரிச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. மழை இல்லையென்றால் முதலில் தோட்டம். 1768இல் நட்ட திராட்சைக்கொடி ஒன்று இன்றும் காய்க்கிறது. 1700 வாக்கில் போட்ட செடிவேலிப் புதிர்ப்பாதைக்குள் பெரியவர்களைத் தனியே விடாதீர்கள். உள்ளே, 1540இல் செய்த கடிகாரத்தின்முன் அவர்களைக் கொஞ்சம் நிற்க வையுங்கள்: மணி மட்டுமல்ல, மாதம், தேதி, பிறை, லண்டன் பாலத்தில் ஆற்றுநீர் ஏறும் நேரம் எல்லாம் ஒரே முகப்பில் ஓடும். அதில் பூமி நடுவில், சூரியன் சுற்றுகிறது. பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய கண்களுக்கு யாரும் விளக்கவே வேண்டாம்.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அறைகளுக்குள் வேண்டாம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.