மெல்லிய மீக்கடத்தியின் நடுப்பகுதியை வெறுமையாக விடாதீர்கள்

விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் திரும்பும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் குறிப்பேடுகளில், மீக்கடத்திப் படலத்தின் (மின்தடையின்றி மின்னோட்டம் கடத்தும் பொருளின் மெல்லிய ஏட்டின்) படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: காந்தப்புலம் நுழைந்த விளிம்புகளில் மட்டும் மின்னோட்டம் பென்சிலால் நிழலிடப்பட்டிருக்கும், நடுப்பகுதி வெறும் தாளாக இருக்கும். 1962-இல் சார்லஸ் பீன் முன்வைத்த மாதிரியில், புலத்திற்கு இணையாக நிற்கும் நீண்ட, தடித்த பாளத்திற்கு அது சரியான படம். புலம் செங்குத்தாகத் தாக்கும் மெல்லிய பட்டைக்கு அது தவறு.

செம்பனைத் தோட்டத்து வடிகாலில் ஒரு தகரத் துண்டை நீரோட்டத்திற்குக் குறுக்கே பிடித்துப் பாருங்கள். தகரத்தின் முன்முகத்தில் மோதும் நீர், நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கித் தகரத்தை ஒட்டியே விலகி, ஓரத்தில் விரைந்து பாயும். (பின்புறம் நீர் சுழிப்பதை இங்கே கணக்கில் கொள்ள வேண்டாம்.) காந்தப்புலக் கோடுகளும் படலத்தின் ஒரு முகத்தில் வெளிநோக்கி வளைந்து, மறுமுகத்தில் உள்நோக்கித் திரும்புகின்றன. இரு முகங்களிலும் தளத்தை ஒட்டிய புலக்கூறு எதிரெதிராக இருப்பதால், அந்த வேறுபாட்டிற்கு ஈடான மின்னோட்டம் இடையிலுள்ள படலத்தில் ஓடியே ஆக வேண்டும். எனவே, புலம் நுழையாத நடுப்பகுதியிலும் மின்னோட்டம் உண்டு. அது, மீக்கடத்தி தடையின்றிக் கடத்தக்கூடிய உச்ச அளவான மாறுநிலை அளவைவிடக் குறைவாக இருந்து, பட்டையின் மையக்கோட்டில்தான் சுழியாகிறது. காந்தப்புலத்தை ஒளியின் வழியே காட்டும் காந்த-ஒளியியல் படத்தில் நடுப்பகுதி கருமையாகத் தெரிவதைக் கண்டு அங்கே மின்னோட்டம் இல்லை என்று முடிவு கட்டுவதும் இதே பிழைதான். அந்தப் படம் காட்டுவது செங்குத்துப் புலத்தை மட்டுமே.

ஓரத்தில் நீர் விரைவதுபோல் புலமும் அங்கே பெருகுவதை மறந்துவிடுகிறார்கள். 1 மில்லிமீட்டர் அகலமும் 100 நானோமீட்டர் தடிப்பும் கொண்ட பட்டையில், விளிம்புப் புலம் வெளிப்புலத்தைப்போல் ஏறத்தாழ 100 மடங்கை எட்டக்கூடும். அகலத்தைத் தடிப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் மதிப்பீடு இது. வெளிப்புலம் சிறியது என்பதற்காகச் சுழல்கள் (புலத்தை உள்ளே கொண்டுசெல்லும் மின்னோட்டச் சுழிகள்) நுழையா என்று நம்பிவிடக் கூடாது.

கடைசியாக, ஊடுருவல் ஆழத்தை (புலம் மீக்கடத்தியின் மேற்பரப்பிலிருந்து உள்ளே தேயும் தொலைவை) அப்படியே பயன்படுத்தும் வழக்கம். படலம் அந்த ஆழத்தைவிட மெலிந்திருந்தால், 1964-இல் ஜூடியா பேர்ல் காட்டிய நீளமே பொருந்தும்: ஊடுருவல் ஆழத்தின் வர்க்கத்தை இரட்டித்துத் தடிப்பால் வகுக்க வேண்டும். ஆழம் 150, தடிப்பு 50 நானோமீட்டர் என்றால், விடை 900 நானோமீட்டர். அந்தத் தொலைவிற்கு அப்பாலும் சுழலைச் சுற்றியுள்ள மின்னோட்டம் அடுக்குக்குறி வேகத்தில் மறைவதில்லை. தொலைவின் வர்க்கத்திற்கேற்ப மெதுவாகவே தேய்கிறது.