முதுமலையில் சீசன் நேரத்தில் தங்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுமலையில் இரவு தங்குவது என்றால் பெரும்பாலும் வனத்துறையின் ஓய்வு விடுதிகளிலும் டார்மிட்டரிகளிலும்தான். தெப்பக்காடு, கார்குடி, மசினகுடி, அபயாரண்யம் என்று சில இடங்களில் அவை இருக்கின்றன. அறைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஏப்ரல், மே மாதங்களிலும் தொடர் விடுமுறைகளிலும் ஒரே வளாகத்தில் குடும்பங்கள், கல்லூரிக் கூட்டம், பைக் குழு என்று நிரம்பி வழியும். அந்த நெரிசலில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான்: வெளிச்சம் போன பிறகு வந்து சேர்வது. ஊட்டி லாட்ஜுக்கு இரவு பத்து மணிக்குப் போனாலும் சாவி கிடைக்கும், பக்கத்தில் ஒரு கடையாவது திறந்திருக்கும். முதுமலையில் ஆறரை மணிக்கு மேல் எல்லா வேலையும் கஷ்டமாகிவிடும்; சில வேலைகள் நடக்கவே நடக்காது.

மூன்று மாநிலத்துக் காலண்டர்

தேதி குறிக்கும்போது தமிழ்நாட்டு விடுமுறைகளை மட்டும் பார்ப்பவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். ஒரு பக்கம் பந்திப்பூர், இன்னொரு பக்கம் வயநாடு. மூன்று மாநிலக் காடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் இது. நமக்குச் சாதாரண வாரமாகத் தெரியும் நாட்களில் ஓணமோ உகாதியோ மைசூரு தசராவோ வந்திருக்கும். பெங்களூருக்காரர்களுக்கு இது வார இறுதியில் வந்துபோகிற தூரம்தான். அதனால் மூன்று காலண்டரையும் பார்த்துவிட்டு, முடிந்தால் செவ்வாய், புதன் போன்ற நாட்களில் வாருங்கள். ஒரே ஒரு இரவுக்கு வருவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வந்த களைப்பில் முதல் நாள் போய்விடும். அடுத்த நாள் அறையைக் காலி செய்கிற அவசரம். இரண்டு இரவு தங்கினால்தான் நடுவில் ஒரு முழு நாள் அவசரமில்லாமல் கிடைக்கும்.

அறை முன்பதிவு புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் நடக்கிறது. ரசீது வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அறை ரசீது வேறு, வண்டி மலைக்கு வருவதற்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். கல்லாறு, நாடுகாணி, கக்கனல்லா என எந்தச் சாவடி வழியாக வந்தாலும் கேட்பார்கள். அறை உறுதியான அன்றே இ-பாஸையும் பதிவு செய்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும். தீ அபாயத்தால் அந்த மாதங்களில் சில ஆண்டுகள் சஃபாரியையும் தங்கும் விடுதிகளையும் மூடியிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு விடுதியில் இடம் இல்லை என்றதும் பலர் போய் விழுவது சமூக வலைத்தள விளம்பரங்களில்தான். ‘ஆற்றங்கரையில் டென்ட், கேம்ப் ஃபயர், யானை பார்க்கலாம்’ என்று அழகான படங்களோடு வரும். இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: அனுமதி இருக்கிறதா என்று தெரியாத டென்டில் குழந்தைகளோடு படுக்காதீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் டென்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. மசினகுடியை ஒட்டிய சீகூர் பகுதி யானைகளின் முக்கியமான வழித்தடம். அங்கிருந்த பல விடுதிகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். அதை யானை வழித்தடமாக அரசு அறிவித்தது சட்டப்படி செல்லும் என்று 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். உரிமம் இருக்கிறதா, இடம் பட்டா நிலமா என்று கேளுங்கள். மழுப்புகிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

நாலரை மணிக்குள் போய்ச் சேருங்கள்

கோவையிலிருந்து கிளம்புகிறவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுகிறார்கள். மலையில் நேரத்தில்தான் போட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாக வர வேண்டும். மே மாதத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்தும் இருக்கும். ஊட்டியில் மதியச் சாப்பாட்டுக்கு நின்று, அப்படியே தாவரவியல் பூங்காவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாகத் தெப்பக்காடு எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மொபைல் மேப் கல்லட்டி வழியைக் காட்டும். தூரம் ஏறக்குறைய பாதிதான். ஆனால் அந்த மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், இறக்கம் மிகச் செங்குத்து. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள் ஏராளம். அதனாலேயே வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்கவிடுவதில்லை. ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி கூடலூர் வழியைப் பிடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிடும்.

பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் நடுவே போகும் நெடுஞ்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். ‘ஒன்பது மணிக்குள் கேட்டைத் தாண்டிவிட்டால் போதும்’ என்று வேகம் பிடிப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. சாலையோரம் முழுக்க உண்ணிச்செடிப் புதர். வண்டியிலிருந்து பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் அந்தப் புதருக்குப் பின்னால் தெரியாது. மான் ஒன்று குறுக்கே பாய்ந்தால் பின்னால் இன்னும் நாலைந்து வரும்.

வெளிச்சத்தில் வந்து சேர்ந்தால் கழிப்பறை எங்கே, சமையல் கூடம் எங்கே, எதுவரை நடக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கடைசி நேரத்தில் எட்டுப் பேருக்குச் சப்பாத்தி கேட்டால் அங்கே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? வண்டியை வெளியே போகும் திசையில் திருப்பி நிறுத்திவிட்டு, இரவுக்கு வேண்டிய பைகளை எல்லாம் ஒரே தடவையில் உள்ளே எடுத்துவிடுங்கள். எட்டு மணிக்கு வந்து சேரும் வண்டி ஹைபீமில் வளாகத்தையே ஒரு சுற்றுச் சுற்றும், கதவுகள் படார் படார் என்று சாத்தும், தூங்கி எழுந்த பிள்ளைகள் இருட்டில் நாலாபக்கமும் இறங்கி ஓடும். மற்றவர்களின் தூக்கம் போவது ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பிள்ளைகள் ஓடும் புல்தரையில்தான் மான்களும் காட்டுப்பன்றிகளும் மேய்ந்துகொண்டிருக்கும்.

சாப்பாடுதான் பெரிய பிரச்சினை

தெப்பக்காட்டு நாட்டுக்குரங்கு வேலை செய்வதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். திண்ணையில் கிடக்கும் பையை ஒரு கையால் அழுத்திப் பிடிக்கும். ஜிப்பின் முனையை இன்னொரு கையால் இழுத்துப் பார்க்கும்; நகரவில்லை என்றால் பல்லால் கவ்வும். உள்ளே கைவிட்டுத் துணியை எல்லாம் வெளியே தள்ளி, கடைசியில் சிப்ஸ் பாக்கெட்டை உருவிக்கொண்டு கூரைக்குப் போய்விடும். அந்தப் பாக்கெட்டின் சரசரப்புச் சத்தம் அதற்கு நன்றாகத் தெரியும். இதை அது காட்டில் கற்கவில்லை. ஜன்னல் வழியாக பிஸ்கட் நீட்டியவர்களிடம் கற்றது. ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். பறித்துக்கொண்ட பொருளைத் திரும்பப் பிடுங்கவும் போகாதீர்கள், கடித்துவிட்டால் ரேபிஸ் ஊசிக்கு ஓட வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் கூடலூர் வழியெங்கும் பலாப்பழம் விற்கும். ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பலா வாசனைக்கு யானை எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்று கூடலூர்த் தோட்டக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பலாவை ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்.

உணவு கொடுத்துப் பழக்குவதன் விளைவு எங்கே போய் முடியும் என்பதற்கு மசினகுடியின் ரிவால்டோ யானையே சாட்சி. வாழைத்தோட்டம் பகுதியில் மனிதர்கள் கொடுத்த பழத்துக்குப் பழகி, ஊரைச் சுற்றியே திரிந்த கொம்பன் அது. 2021-இல் அதைப் பிடித்து மரக்கூண்டில் சில மாதங்கள் வைத்திருந்து, பிறகு ரேடியோ காலர் மாட்டித் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். அது உடனே நடந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. யாரோ ஆசையாக நீட்டிய பப்பாளிக்கு அந்த யானை கொடுத்த விலை அது. மானுக்கு ரொட்டி போடுகிறவர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பழகிய மான் பிளாஸ்டிக் பையையும் சேர்த்துத் தின்னும்.

யானைக்கு உணவு கொடுப்பதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் தெப்பக்காடு முகாமுக்குப் போங்கள். காலையிலும் மாலையிலும் கேழ்வரகு, கொள்ளு, சோறு என்று வேகவைத்து உருட்டி, பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் ஒவ்வொரு யானைக்கும் அளந்து ஊட்டுவார்கள். எந்த யானைக்கு எவ்வளவு, எதில் என்ன மருந்து கலக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பார்க்கலாம், கைநீட்டிக் கொடுக்கக் கேட்காதீர்கள்.

இருட்டிய பிறகு

யானை நடந்தால் சத்தம் கேட்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கேட்காது. அவ்வளவு பெரிய உடம்பு முற்றத்து ஓரத்தில் வந்து நிற்பது, கிளை முறியும்போதுதான் தெரியும். அதனால் கழிப்பறை வெளியே இருக்கிற இடங்களில் கதவைத் திறந்ததும் இறங்கி நடக்காதீர்கள். வாசலிலேயே நின்று டார்ச்சை மெதுவாக இடமும் வலமும் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேராகப் போங்கள். மொபைல் வெளிச்சம் இதற்குப் போதாது.

சீசன் கூட்டத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. யாராவது ஒருவர் ‘யானை!’ என்று கத்தினால் போதும், மொத்த டார்மிட்டரியும் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும். பிளாஷ் அடிக்கும், விசில் அடிப்பார்கள். குட்டியோடு வந்த யானை பின்வாங்காமல் எதிரே பாய்ந்தால், முன்னால் நிற்பவர் ஒதுங்குவதற்குக்கூடப் பின்னால் நிற்கும் கூட்டம் இடம் விடாது. உள்ளே இருந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பாட்டுச் சத்தம் இல்லாத இரவில்தான் புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல் கேட்கும். அந்தக் குரல் விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் எங்கோ புலியோ சிறுத்தையோ நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்து அறைக்காரர் அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பார். காவலுக்கு நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தச் சத்தங்கள்தான் துணை.

நெருப்பு மூட்டக் கூடாது. காய்ந்த மூங்கிலும் தேக்கிலையும் நிறைந்த காடு இது, ஒரு பொறி காற்றில் போனால் அணைக்க நாள்கணக்கில் ஆகும். நெருப்பு காட்டினால் யானை ஓடிவிடும் என்கிற நினைப்பும் வேண்டாம். 2021-இல் மசினகுடியில் எரியும் டயரை யானை மேல் எறிந்த கொடுமையை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். காது வெந்து புண்ணாகி அந்த யானை இறந்தது. ‘நைட் சஃபாரி கூட்டிப் போகிறேன்’ என்று ஜீப்காரர் யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள். அது சட்டவிரோதம், வண்டிக்காரரோடு சேர்த்து உங்களுக்கும் அபராதம் விழும்.

மூட்டை கட்டும்போது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தெப்பக்காடு ஏறக்குறைய ஆயிரம்தான். ஊட்டிக் குளிரை நினைத்து ஸ்வெட்டராக அடுக்கிக்கொண்டு வந்தால் மே மாதப் பகலில் வியர்த்துக் கொட்டும். மெல்லிய முழுக்கை சட்டை, முழு பேன்ட், மூடிய செருப்பு அல்லது ஷூ போதும். கோடையில் புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பக்கம் பார்த்துவிடுங்கள். குரங்குக் காய்ச்சலைப் பரப்புவதும் இந்த உண்ணிகள்தான், திரும்பிப் போன பிறகு காய்ச்சல் வந்தால் காட்டில் தங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள், ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள். சிக்னல் வரும், போகும். யுபிஐயை மட்டும் நம்பாமல் ரொக்கம் வைத்திருங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்துவையுங்கள். பெட்ரோலைக் கூடலூரில் நிரப்பிவிடுங்கள்.

கிளம்பும் நாள்

அறை எடுத்தால் சஃபாரியும் சேர்த்திதான் என்று நினைக்க வேண்டாம். அதற்குத் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும், சீசனில் சீக்கிரமே தீர்ந்துவிடும். அது கிடைக்கவில்லை என்று விடிகாலையில் சாலையில் காலார நடக்கக் கிளம்பாதீர்கள். இரவு முழுக்க மேய்ந்த யானைகள் சாலையைக் கடக்கும் நேரம் அதுதான். சூரியன் நன்றாக ஏறட்டும்.

மீந்த சோற்றைப் புதரோரம் கொட்டாமல் சமையல் கூடத்தில் கேட்டுவிட்டு அவர்கள் சொல்லும் தொட்டியில் போடுங்கள். கண்ணாடி பாட்டில் இருந்தால் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். உடைந்த சில்லு யானையின் காலில் ஏறினால் அந்தப் புண் ஆறுவது மிகவும் கஷ்டம். பிளாஸ்டிக் உறை, குழந்தையின் டயப்பர், ஈரத் துடைப்பான் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி உங்களோடு எடுத்துச் சென்று, கூடலூரையோ ஊட்டியையோ தாண்டும்போது நகராட்சித் தொட்டியில் போடுங்கள்.